சிக்னல் எடுத்த படமும் என் பதினெட்டாவது குறையும்

உலகத்தில் படம் எடுத்தவர்கள் எல்லோரும் பாராட்டுக்கு ஏங்குவார்கள். "படம் சூப்பர்" என்று சொன்னவரின் சட்டைக் காலரைப் பிடித்து, "இன்னாத்துக்குய்யா பொய் சொல்ற?" என்று உலுக்கிய மனிதர் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர் சிக்னல்.

சிக்னலுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ராயபுரத்தில் அதை யாரும் கேட்டதில்லை. துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று, மேலே கேபினில் இருக்கும் டிரைவருக்குக் கையால் சைகை காட்டுவது அவர் வேலை. ஒற்றை விரலைச் சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் இறக்கு. முன்னால் தள்ளிக் காட்டினால் நகர்த்து. கையை மூடி முஷ்டியை உயர்த்தினால், அப்படியே நிறுத்து, அசைக்காதே. அவர் ஓய்வு பெற்றார். கை ஓய்வு பெறவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு வந்தவருக்கு முஷ்டியைக் காட்டிவிட்டார். அந்த ஆள் மிரண்டுபோய் வாளியோடு அப்படியே நின்றுவிட்டான். சிக்னலுக்கு அடுத்திருந்த ஏழு இலைகள் வெறும் சோற்றோடு காத்திருந்தன. ஏழாவது இலை என்னுடையது.

நான் அதே துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவது உத்தியோகம். இப்போது மூட்டை இல்லாததால், மின்வெட்டு, முழங்கால் வலி, மருமகன் போன் செய்யாத ஞாயிற்றுக்கிழமை என்று கிடைத்ததை எண்ணுகிறேன். சிக்னல் என்னை 'டாலி சாரு' என்பார். சாரு என்பது மரியாதை. அதற்குப் பின்னால் வருவதெல்லாம் 'நீ, வா, போ'தான்.

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு கோடையில் வாசலில் வந்து நின்றார்.

"டாலி சாரே, உன் குடைய எடுத்துகினு வா. ஒரு ஷாட்டு கீது."

"என்ன ஷாட்டு?"

"படம் எடுத்துகினு கீறேன். வானத்துலேந்து ஒரு கொக்கி வரும். அதுல நீ குடைய மாட்டிட்டுப் போய்கினே இரு. திரும்பிப் பாக்காத."

போனேன். ஒரு மாடியிலிருந்து கம்பி நீட்டி, படகுக் கயிற்றில் பெரிய இரும்புக் கொக்கி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். குடையை மாட்டினேன். அந்தக் குடை இன்றுவரை திரும்பி வரவில்லை. கேட்டால், கன்டினியூட்டி என்கிறார்.

படத்தின் கதை இவ்வளவுதான். ஒரு தெருவில் வானத்திலிருந்து கொக்கி இறங்குகிறது. யாரும் ஆச்சரியப்படுவதில்லை. தண்ணீர் லாரி வந்ததுபோல ஒவ்வொருவராக வந்து, இனி தங்களால் தூக்க முடியாத ஒன்றை அதில் மாட்டுகிறார்கள். மீன்காரி கனகா கூடையை. சலூன்காரர் தன் பழைய கண்ணாடியை. நான் குடையை. கொக்கி மேலே போகும், வெறுமையாகத் திரும்பி வரும். கடைசியில் மாட்டுவதற்கு யாரும் இல்லை. கொக்கி மட்டும் கடல்பக்கத்து வானத்தில் மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். அது மட்டும் மூன்று நிமிடம். பிறகு மேலே போய்விடும். படத்துக்குப் பெயர்கூட வைக்கவில்லை. வைத்தால் அதையும் யாராவது பாராட்டிவிடுவார்களாம்.

இதையெல்லாம் யாருக்காக எடுத்தார் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டார். சூசைக்காக.

சூசை கிரேன் டிரைவர். இருபத்தாறு வருடம் சிக்னல் கீழே, சூசை மேலே. கையை ஆட்டினால் டன் கணக்கில் இரும்பு இறங்கும். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. ஆனால் ஷிப்டு முடிந்து சூசை அத்தனை ஏணிப்படியும் இறங்கி வருவதற்குள் சிக்னல் ஏறவேண்டிய பஸ் போய்விடும். அதனால் இருவரும் நேருக்கு நேர் நின்று பேசியதே இல்லை. சிக்னல் பார்த்ததெல்லாம் கேபின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முழங்கை மட்டும்.

அந்தச் சூசைக்குப் பக்கவாதம் வந்து பேச்சும் வலது பக்கமும் போய்விட்டன. எண்ணூர் போகும் கடற்கரைச் சாலையில், திருவொற்றியூரில், லிப்ட் இல்லாத குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருந்தார். நாள் முழுக்கப் பால்கனி நாற்காலியில். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அவரைத் தன்னோடு ஓசூருக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவதாக, லீவுக்கு வந்திருந்த மகள் ஸ்டெல்லா சொல்லிவிட்டாள். அதற்குள் படத்தைச் சரிசெய்து அவருக்குக் காட்டியாக வேண்டும்.

"மாடிக்குப் போய் போன்லயே காட்டிட்டு வந்துடேன்யா," என்றேன்.

"இத்தினிக்கூண்டு போன்லயா? அவன் மேலேந்து பார்த்தவன் சார். மேலேந்துதான் பாக்கணும். அதுவும் ஒரு தபாதான். தப்பா சிக்னல் குட்த்தா லோடு வுயுந்துடும். அத்தொட்டு முன்னாடியே எல்லார்கிட்டயும் குறை கேட்டுடணும்."

குறை கேட்கும் படலம் தொடங்கியது. காலர் பிடி வாங்கியது சலூன்காரர். அடுத்து கனகா. மீன் மார்க்கெட்டில் போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். கனகா முழுவதும் பார்த்தாள்.

"யோவ் சிக்னலு, காலிக் கூடைய காட்டி என் பொயப்ப நாறடிச்சிட்டியே! ரெண்டு வஞ்சிரம் வெச்சி எடுத்திருந்தா கொறஞ்சா பூடுவ?"

சிக்னலுக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்து கருத்து! சூப்பராம் சூப்பரு, இவதான்யா மனுஷி!"

அடுத்த நாளே இரண்டு வஞ்சிரத்தோடு அந்தக் காட்சியைத் திரும்ப எடுத்தார். கொக்கி மேலே போகப் போக, மூன்று பூனைகள் சுவர் வழியாகக் கூடவே ஏறின. பார்த்த எல்லோரும் பூனையைத்தான் பார்த்தார்கள். வஞ்சிரம் வெட்டி எறியப்பட்டது, படத்திலிருந்து. நிஜ வஞ்சிரத்தைப் பூனைகளே முடித்துவிட்டன.

இப்படியே ஒருவர் சொன்னதைச் சேர்ப்பார்; அடுத்தவர் சொன்னதும் எடுப்பார். படம் ஒன்பது நிமிடமாக இளைத்தது, இருபத்திரண்டாகப் பெருத்தது. என் மனைவி மட்டும், குடையை மாட்டும் கை மிகவும் மெலிந்திருக்கிறது, யாரோ நோயாளியோ என்று கேட்டாள். முப்பத்தொன்பது வருடம் கூட வாழ்ந்த கை அது. நான் என் பங்குக்குப் பதினேழு குறைகள் சொன்னேன். எல்லாவற்றையும் விரல்விட்டுக் கேட்டுக்கொண்டார். ஆனால் எல்லோரும் ஒன்றுபோலச் சொன்ன குறைகள் இரண்டுதான். ஒன்று: "மேல யாருப்பா கீறா? காட்டவே இல்லியே?" மற்றொன்று: அந்த மூன்று நிமிடக் காலிக் கொக்கி. வெட்டு, வெட்டு, வெட்டு.

முதலாவதற்கு அவர் பதில், "நானே பார்த்ததில்ல. எத்த காட்டறது?" இரண்டாவதைச் சொன்னால், போனை மடியில் செருகிக்கொண்டு அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவார்.

தெரிந்தவர்கள் முகத்துக்காகப் பேசுகிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார் சிக்னல். முகம் தெரியாதவர்கள் வேண்டும், பாதியில் எழுந்து போகமுடியாதவர்களாகவும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கூட்டம் சூசையின் பால்கனிக்கு எதிரிலேயே இருந்தது. துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகள். மணிக்கணக்கில் நகராமல், கடலோரம் ரயில்போல நிற்கும். டிரைவர்கள் நிழலில் குந்தி, சமைத்து, தூங்கி, ஊருக்குப் போன் பேசிக்கொண்டு கிடப்பார்கள். திரையும் தயார், சபையும் தயார்.

கல்யாண வீடியோக்காரரிடம் ஒரு சின்ன புரொஜெக்டரை வாடகைக்கு எடுத்தார். மீன் ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் அதையும் பேட்டரியையும் வைத்துக் கட்டினார். சாலைக்கு இந்தப் பக்கம் வண்டி, எதிரே கண்டெய்னர். பொழுது சாய்ந்து, கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமானதும் காட்சி. பால்கனியில் சூசை இருந்தால் காட்டமாட்டார். ஸ்டெல்லா அவரைச் சாப்பிட உள்ளே அழைத்துப்போன பிறகுதான் ஒத்திகை.

கண்டெய்னரில் படம் பார்ப்பது தனி அனுபவம். பக்கச்சுவர் மடிப்பு மடிப்பாக இருப்பதால் கனகாவின் முகம் அலையில் ஆடுவதுபோல் ஆடும். நீலக் கண்டெய்னரில் காட்டிய அன்று, பேய்ப்படம் என்று ஒரு டிரைவர் எழுந்துபோய் லாரிக்குள் கதவைச் சாத்திக்கொண்டார். துருச் சிவப்பில் காட்டிய அன்று இரண்டு பேர் அழுதார்கள். இறாலும் மீனும் குளிரூட்டி ஏற்றிப்போகும் வெள்ளைக் கண்டெய்னர்தான் சரியான திரை. அது எப்போதாவதுதான் எதிரில் வந்து நிற்கும்.

டிரைவர்களில் தெலுங்கு பேசுவோர் உண்டு, இந்தி பேசுவோர் உண்டு. இவர்களிடம் எப்படிக் கருத்துக் கேட்பது? சிக்னல் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"வாயே தொறக்க வேணாம் நைனா. கைதான். கதை ஏறுதா, விரல சுத்து. ஓவரா கீதா, கைய அமுக்கு. இஸ்துகினே போவுதா, இப்டி முன்னாடி தள்ளு. புட்ச்சிருந்தா முஷ்டிய தூக்கு, அப்டியே வெக்கிறேன்."

டிரைவர்களுக்கு இந்த விளையாட்டு பிடித்துவிட்டது. எண்ணுவதற்கு நான். விரல் இத்தனை, உள்ளங்கை இத்தனை, கொட்டாவி தனி. குடைக்கு ஒன்பது விரல் சுழன்ற ஒரு மாலையில் நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன் என்று சிக்னல் ஊரெல்லாம் சொன்னார். ஆனால் காலிக் கொக்கி வந்ததும் எல்லாக் கையும் ஒரே மாதிரி முன்னால் தள்ளும். நகர்த்து. ஒவ்வொரு மாலையும் அப்படித்தான். முஷ்டி ஒன்றுகூட இல்லை.

ஸ்டெல்லா ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தைய மாலை, எதிரே ஒரு வெள்ளைக் கண்டெய்னர் வந்து நின்றது. சிக்னல் அதைத் தொட்டுக் கும்பிட்டார். சிக்னல் சொல்லிவைத்திருந்ததால் ஸ்டெல்லா அப்பாவை உள்ளே அழைக்கவில்லை. பால்கனி விளக்கை அணைத்துவிட்டு நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"கொக்கிய வெட்டிட்டியா?" என்றேன்.

"இல்ல. மூணு நிமிசமும் அப்டியே கீது."

"யோவ், அத்தனை பேரும் சொன்னாங்களேய்யா!"

"சொன்னாங்கோ சார். அவன் சொல்லலியே."

படம் ஓடியது. வெள்ளைச் சுவரில் எல்லாம் தெளிவு. காற்றில் உப்பு வாசனை. கூடை போனது, கண்ணாடி போனது, என் குடை போனது. மேலே பார்த்தேன். நாற்காலியில் ஓர் உருவம், அசைவே இல்லை. பிறகு காலிக் கொக்கி வந்து ஆடத் தொடங்கியது. சாலையோரம் இருந்த முப்பத்துநான்கு கைகளும் வழக்கம்போல முன்னால் தள்ளின. நகர்த்து, நகர்த்து.

அந்த வெள்ளைக் கண்டெய்னரை ஓட்டிவந்தவர் நாமக்கல்காரர். அன்றைக்குத்தான் வந்தவர், படம் பார்க்கவில்லை, சீட்டில் கண்ணயர்ந்திருந்தார். கண் விழித்துப் பக்கக் கண்ணாடியைப் பார்த்தால், முப்பத்துநான்கு பேர் போ, போ என்று கை காட்டுகிறார்கள். வரிசை நகர்ந்துவிட்டது என்று நினைத்து வண்டியை எடுத்துவிட்டார்.

திரை கிளம்பியது. கொக்கி ஒரு கணம் வெள்ளைச் சுவரில் இருந்தது. அடுத்த கணம் இரண்டு லாரிகளுக்கு நடுவே பாய்ந்து, கடலுக்கு மேலே வெறும் காற்றில் போய் விழுந்தது. அங்கே ஒன்றும் தெரியவில்லை, உப்புத் தூசியில் ஒரு வெளிச்சக் கோடு மட்டும். நான்தான் சத்தம் போட்டேன்.

"ஐயோ, படம் போகுதே!"

சிக்னல் லாரியைப் பார்க்கவில்லை. இருபத்தாறு வருடப் பழக்கம், முதலில் மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். பால்கனிக் கம்பிக்கு மேலே ஓர் இடது கை உயர்ந்திருந்தது. மூடிய கை. முஷ்டி.

அறுபத்தெட்டு வயது மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. லாரிக்கு முன்னால் போய் நின்று தன் முஷ்டியை உயர்த்தினார். நாமக்கல்காரர் பிரேக்கை மிதித்த மிதியில் கண்டெய்னர் குலுங்கியது.

"ஏனுங்க பெரியவரே! நீங்கதானுங்களே போகச் சொன்னீங்க!"

"அசைக்காத! மேலேந்து ஆர்டரு!"

"யாருங்க மேல?"

சிக்னல் மோவாயால் பால்கனியைக் காட்டினார். நாமக்கல்காரர் தலையை நீட்டிப் பார்த்தார். எதைப் பார்த்தாரோ, என்ஜினை அணைத்துவிட்டார். பின்னாலிருந்து ஹாரன்கள் கிளம்பின. இருபது வரை எண்ணினேன். அதற்குமேல் எண்ண முடியவில்லை, ஏனென்றால் மீன்பாடி வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தேன், என் முழங்காலோடு. "தள்ளு டாலி சாரே, ஜல்தி!" தள்ளினேன். வெளிச்சம் கடலிலிருந்து மெல்லத் திரும்பி, வெள்ளைச் சுவரின்மேல் வந்து படிந்தது. கொக்கி அங்கே ஆடிக்கொண்டிருந்தது, நடுவில் எதுவுமே நடக்காததுபோல.

மீதி நேரம் முழுவதும் மேலே அந்தக் கை இறங்கவில்லை. கீழே சிக்னலின் கையும் இறங்கவில்லை. இரண்டு முஷ்டிகளுக்கு நடுவில் கொக்கி. ஹாரன்கள்கூட ஒவ்வொன்றாக அடங்கின. நாமக்கல்காரர் கீழே இறங்கி வந்து, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். கொக்கி மேலே போய் மறைந்தது. அப்புறம்தான் பால்கனியில் விரல்கள் பிரிந்தன.

சிக்னல் என் பக்கத்தில் வந்து மூச்சு வாங்கினார்.

"பார்த்தியா சார்? அப்டியே வெய்யின்னுட்டான்."

மறுநாள் காலை சூசையை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கி இறக்கினார்கள். ஒவ்வொரு படிக்கட்டுத் திருப்பத்திலும் முன்னால் நின்று, உள்ளங்கையை அமுக்கி, மெதுவா, மெதுவா என்று சைகை காட்டியவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. சூசையின் கண் அந்தக் கையை விட்டு அகலவில்லை. கீழே இறக்கி வைத்ததும் இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். சிக்னல் வெகுநேரம் பார்த்தார்.

"இன்னா தோஸ்து," என்றார் கடைசியில், "நா வேற மூஞ்சில்ல வெச்சிருந்தேன் உனக்கு."

சூசையின் இடது விரல் ஒன்று லேசாகச் சுழன்றது.

போன வாரம் சிக்னல் வீட்டுக்கு வந்தார். இரண்டாவது படமாம். என் நாற்காலி வேண்டுமாம். திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். போகும்போது வாசலில் நின்று, "டாலி சாரே, மொத படத்துக்கு இன்னும் எதுனா குறை பாக்கி கீதா? டபாய்க்காம சொல்லு," என்றார். இல்லை, பதினேழோடு சரி என்றேன். பொய். பதினெட்டாவது ஒன்று இருக்கிறது. அந்தக் கொக்கி மேலே போனதும் படம் முடிந்துவிடுகிறது.