கட்டாயம் நிரப்ப வேண்டிய பெட்டி

அசியாமா விடிந்ததும் எழுந்தான். குழாயில் தண்ணீர் வந்தது, வாளியை நிரப்பினான். குளித்தான். முந்தின நாள் இஸ்திரி போட்டு வைத்த சட்டையை மாட்டிக்கொண்டான். கதவைப் பூட்டி, பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தான். முனையில் இருந்த கஞ்சிக் கடைக்கு நடந்தான். எல்லா நாளும் இப்படித்தான்.

கடைக்கார ஹாஜியா ராஹி கம்பங்கஞ்சி மொண்டுகொண்டிருந்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அகப்பை சட்டிக்குள் விழுந்தது.

"ஹாஜியா, கஞ்சி. கூட ரெண்டு காராமணி வடை."

அவள் ஊற்றினாள். அவனையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் பாதி கிண்ணத்துக்கு வெளியே போயிற்று. அவன் காசை நீட்டினான்.

"பலகை மேல வை. என் கையில தராதே."

"ஏன் ஹாஜியா?"

"எப்பப்பா போனே?"

"எங்க போனேன்? இப்பத்தான் எழுந்து வர்றேன்."

"அதுதான் பயமா இருக்கு," என்றாள் அவள். கைபேசியை எடுத்து, தள்ளி நின்றே, அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

திரையில் அவன் படம். சுற்றிலும் கறுப்பும் சிவப்புமாகக் கரை. கீழே அவன் பெயர், வயது, இந்தச் சனிக்கிழமை பந்தாமாவில் மாமா வீட்டு வாசலில் நினைவுக் கூட்டம் என்ற தகவல்.

சொன்னால் வெட்கம். அவனுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். சின்னத் திரையிலும் கரை கோணவில்லை, படத்தில் தலை வெட்டுப்படவில்லை. அந்தக் கரையோடு அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பிறகு கடைசி வரியைப் படித்தான். 'துயருறும் மனைவி: போமா.'

கிண்ணத்தைப் பலகையில் வைத்துவிட்டு ஓடினான்.

குமாசி நகரத்தில், அசாஃபோ பகுதியில் ஒரு வானொலி நிலையம். அதன் வலைத்தளத்தில் செய்தி படிப்பவர்களைவிட மரண அறிவிப்பு படிப்பவர்கள் அதிகம். ஊரில் யார் போனார்கள், எந்தச் சனிக்கிழமை எங்கே போகவேண்டும், துக்கத்துக்கு உடுத்துவது கறுப்பா சிவப்பா, எல்லாம் அதில்தான். அந்த அறிவிப்புகளை ஊழியர்கள் உள்ளே ஏற்றும் திரை பழைய இரும்புக் கடை மாதிரி இருந்தது. எதை அழுத்தினால் எது வரும் என்று கட்டியவனுக்கே தெரியாது. அதைப் பிரித்துப் புதிதாகக் கட்டத்தான் அசியாமாவைத் தற்காலிகமாக வைத்திருந்தார்கள்.

ஆசை ஆசையாகக் கட்டினான். தேவையில்லாத பட்டன்களைத் தூக்கினான். அறிவிப்புக்கு இரண்டே பட்டன்: 'சேமி', 'வெளியிடு'. யார் எதை எப்போது செய்தார்கள் என்று காட்டும் பத்தியையும் எடுத்துவிட்டான். அதை எடுக்கச் சொன்னவள் மரண அறிவிப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் போமா. "யாரு என்ன செஞ்சான்னு பாத்துக்கிட்டே இருக்கறதுக்கு இது என்ன போலீஸ் ஸ்டேஷனா?" என்று கேட்டிருந்தாள்.

இன்று மதியம் முதலாளி வந்து புதுத் திரையைப் பார்க்கிறார். பிடித்திருந்தால் வேலை நிரந்தரம். நிரந்தரமான மறு நிமிஷம் போமாவிடம் பேசிவிடுவது என்று அசியாமா முடிவு செய்திருந்தான். இரண்டு வருஷமாக அவளிடம் பட்டனைப் பற்றி மட்டுமே பேசியிருந்தான்.

போன வாரம் அவளே வந்து அவன் மேஜைமேல் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "அடுத்த வாரம் சனிக்கிழமை எங்க வீட்டுக் கதவைத் தட்ட வர்றாங்க. ஒபுவாசி சுரங்கத்துல இன்ஜினியராம். அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

பெண் கேட்டு வருபவர்கள் சாராய பாட்டிலோடு வந்து கதவைத் தட்டுவார்கள். கதவு திறந்துவிட்டால் முக்கால் கல்யாணம் முடிந்த மாதிரி. அசியாமா திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அப்படியா. இந்த வெளியிடுற பட்டன் நீலமா இருக்கட்டுமா, பச்சையாங்க?"

"பச்சையே வை," என்று சொல்லிவிட்டுப் போய்த் தன் மேஜை இழுப்பறையை அறைந்து மூடினாள்.

நேற்று மாலை கடைசிச் சோதனை. மாதிரிக்கு ஒரு மரண அறிவிப்பு எழுதிப் பார்க்கவேண்டும். வேறு யார் பெயரைப் போட்டாலும் அந்தப் பெயரில் ஊரில் ஒருவர் இருப்பார், உலக்கையோடு வருவார். அதனால் தன் பெயரையே போட்டான். அரைகுறையாக எதையும் செய்து பழக்கமில்லை. படமும் நாளும் இடமும் முழுசாகக் கொடுத்தான். 'மனைவி' என்ற பெட்டியில் வந்து நின்றது.

அந்தப் பெட்டியில் சிவப்பு நட்சத்திரம் போட்டு, கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று வைத்தவன் அவனேதான். போன வருஷம் ஒரு குடும்பம் விதவையின் பெயரை விட்டுவிட்டது. அவள் பிள்ளைகளோடு வந்து நிலையத்துப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அதிலிருந்து அந்தப் பெட்டி காலியாக இருந்தால் அறிவிப்பு நகராது. அசியாமாவோ பிரம்மச்சாரி. கொஞ்ச நேரம் விழித்தான். கை தானாக ஒரு பெயரை அடித்தது. 'சேமி'யை அழுத்தினான், சேமித்தது. காலையில் அழித்துவிடலாம் என்று கிளம்பினான். போகிற போக்கில், "புதுத் திரையை ஒரு தடவை பாத்துடுங்க," என்று போமாவிடம் சொன்னான்.

"நீ போ. நான் பாத்துட்டுப் பூட்டிட்டுப் போறேன்," என்றாள் அவள்.

அழுத்தியது 'சேமி'தான். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. பின் எப்படி வெளியே போயிற்று?

நிலையத்துக்குள் நுழைந்ததும் காவலாளி மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். அசியாமா நேராகக் கணினிக்குப் போய் அறிவிப்பை அழித்தான். அப்பாடா என்று சாய்ந்தான்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நிலையம் முழுக்கக் கைபேசிகள் சிணுங்கின. அவன் சட்டைப் பையிலும் சிணுங்கியது. அவன் கட்டியதுதான்: ஓர் அறிவிப்பு நீங்கினால் அதைப் படித்த அத்தனை பேருக்கும் தானாகக் குறுஞ்செய்தி போகும். குடும்பங்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று சேர்த்தது. 'அசியாமாவின் நினைவுக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டுள்ளது. மறு தேதி பின்னர்.'

குமாசியில் சாவைத் தள்ளிவைத்தால் ஒரே அர்த்தம்தான்: குடும்பத்துக்குள் சண்டை. அடுத்த அழைப்பு நிலையத்துத் தொலைபேசியில் தாய்மாமா அஜெயிடமிருந்து வந்தது. குடும்பத் தலைவர் அவர்தான்.

"மாமா, நான் அசியாமா பேசறேன்."

"உயிரோட இருக்கியா?"

"இருக்கேன் மாமா."

"சரி, அதை அப்புறம் பேசிக்கலாம். தள்ளிவச்சது யாரு?"

"நான்தான் மாமா. தெரியாம..."

"உன் சாவைத் தள்ளிவைக்க நீ யாருடா? குடும்பத் தலைவன் நானா, நீயா? பந்தல் சொல்லியாச்சு. நாற்காலி வந்து இறங்குது. இப்ப நான் எவன் மூஞ்சில முழிப்பேன்? அங்கேயே இரு, வர்றேன்."

இனி அழித்துப் பிரயோஜனமில்லை, மறுப்புப் போடவேண்டும் என்று அசியாமாவுக்குப் பட்டது. புதிய அறிவிப்பைத் திறந்து, சுருக்கமாக எழுதி, இந்த முறை வேண்டுமென்றே 'வெளியிடு'வை அழுத்தினான். அந்தப் பிரிவில் எதைப் போட்டாலும் தலைப்புக்கு முன்னால் இரண்டு சொல் தானாக ஒட்டிக்கொள்ளும்படி அவன் செய்து வைத்திருந்தது அப்போது நினைவுக்கு வரவில்லை. வலைத்தளத்தில் கறுப்புச் சிவப்புக் கரைக்குள் இப்படி வந்தது: 'கண்ணீர் அஞ்சலி: அசியாமா உயிரோடு இருக்கிறார்.'

அதற்குக் கீழே ஊரார் இரங்கல் எழுத ஆரம்பித்தார்கள். சிலர் குடும்பத்துக்குப் பொறுமை வேண்டினார்கள். ஒருவர், இவ்வளவு நல்ல மனிதருக்கா இந்த நிலை என்று கேட்டிருந்தார்.

ஒலிபரப்பாளர் ஓஃபோரி அண்ணன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கை காட்டிக் கூப்பிட்டார். அவர் காலை அறிவிப்புகளை வலைத்தளத்தைப் பார்த்தே வாசிப்பவர். அசியாமாவின் சாவை ஏழு மணிக்கே உருக்கமாக வாசித்துவிட்டாராம். உள்ளே வந்து உன் வாயாலேயே சொல், ஊர் நம்பும் என்றார். நல்ல யோசனை. அசியாமா ஒலிவாங்கி முன் உட்கார்ந்தான்.

ஓஃபோரிக்குப் பழக்க தோஷம். அறிவிப்பு நேரம் என்றால் ஒப்பாரி இசையைத் தட்டிவிடுவார். தட்டினார். கம்மிய குரலில் சொன்னார்: "நேயர்களே, அசியாமாவின் குரலை இப்போது கேட்போம்."

"வணக்கம். நான் அசியாமா. நான் நல்லா இருக்கேன். யாரும் கவலைப்படாதீங்க."

பின்னணியில் இசை அழுதது. ஊரும் அழுதது. கடைசியாகப் பேசியதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள், பாவம் பிள்ளை, என்று தொலைபேசியில் ஒரு அம்மா தேம்பினாள்.

வெளியே வந்தால் வரவேற்பறையில் மாமா. கறுப்புத் துக்கத் துணியைத் தோளில் போர்த்தி, பின்னால் நான்கு உறவினர்களோடு, சாவுக்கென்று வாங்கிய சாராய பாட்டில்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அசியாமாவை மேலும் கீழும் பார்த்தார்.

"இளைச்சுட்டியேடா," என்றார். பிறகு, பந்தல்காரன் முன்பணத்தைத் திருப்பித் தரமாட்டேன் என்கிறான், சனிக்கிழமைக்கு ஏதாவது ஒரு விசேஷம் இந்தக் குடும்பத்தில் நடந்தே ஆகவேண்டும், அதுவரை தான் இந்த நாற்காலியை விட்டு எழப்போவதில்லை என்று அறிவித்தார்.

அப்போதுதான் முதலாளி நானா போட்டெங் வந்தார். அசியாமா சுவரோடு ஒட்டிக்கொண்டான். முதலாளி அவன் தோளில் கை போட்டார். இந்தத் தளத்துக்கு இத்தனை பேர் வந்து அவர் பார்த்ததே இல்லையாம். சவப்பெட்டி செய்பவர்களும் பந்தல் போடுபவர்களும் விளம்பரத்துக்கு இடம் கேட்டு வரிசையில் நிற்கிறார்களாம்.

"வேலை உனக்குத்தான். ஆனா சாகாதவனைச் சாகடிக்கற அந்தப் பட்டன் எதுன்னு சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிச்சு என்கிட்ட காட்டணும். அடுத்தது என் பேரு வந்துடக் கூடாது பாரு."

அசியாமா கணினி முன் உட்கார்ந்தான். மாதிரி அறிவிப்பு எழுதினான், 'சேமி'யை அழுத்தினான். உள்ளேயே இருந்தது. மறுபடி. உள்ளேயே இருந்தது. வேகமாக அழுத்தினான், மெதுவாக அழுத்தினான், இணைப்பைப் பிடுங்கிவிட்டு அழுத்தினான். சமர்த்தாக உள்ளேயே இருந்தது. யார் எதைச் செய்தார்கள் என்ற பத்தி இருந்தாலாவது பார்க்கலாம். அதையும் எடுத்தாகிவிட்டது.

ஓஃபோரி அண்ணன் தேநீரோடு வந்து மேஜையில் சாய்ந்தார்.

"தம்பி, சங்கதி தெரியுமா? ஒபுவாசி ஆளுங்க பின்வாங்கிட்டாங்களாம். போமா அப்பாவுக்குப் போன் வந்துச்சாம். விதவைன்னா ஒரு வருஷம் கறுப்பு உடுத்தணும், அதுவரைக்கும் எவனும் கதவைத் தட்டக்கூடாது. நீ செத்த பாவம் அவ தலையில விடிஞ்சுது. எப்பய்யா அவளைக் கல்யாணம் பண்ணே? எங்களுக்கெல்லாம் சோறு கூடப் போடல."

அசியாமா விசைப்பலகையைத் தள்ளி வைத்தான். வேலை போனால் வேறு வேலை. தானே போனாலும் பரவாயில்லை. ஒரு பெண்ணின் கல்யாணத்தை அவனுடைய பட்டன் கெடுத்துவிட்டது.

மதியத்துக்கு மேல் போமா வந்தாள். தலை முதல் கால் வரை கறுப்பு. நெற்றியில் சிவப்புப் பட்டை. கூடம் முழுக்க எழுந்து நின்றது. அவள் யாரையும் பார்க்காமல் வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா உடுத்தச் சொல்லிட்டாரு. ஊரு வாய்க்குப் பயந்து," என்றாள்.

"மன்னிச்சுடுங்க. எல்லாம் இந்தத் திரையால வந்தது. நானே உங்க அப்பாகிட்ட வந்து சொல்றேன். ஒபுவாசிக்கும் போய்ச் சொல்றேன்."

"அந்தப் பெட்டியில என் பேரை எழுதினது யாரு? திரையா?"

"நான்தாங்க. காலியா விட்டா நகராது. கட்டாயம் நிரப்பணும்."

"குமாசியில வேற பொண்ணே இல்லையா?"

அசியாமா விசைப்பலகையைப் பார்த்தான். "வேற பேரு வரலைங்க."

போமா உதட்டோரம் எதையோ அடக்கினாள்.

"இதைச் சொல்றதுக்கு நீ சாக வேண்டியிருந்துச்சு, இல்ல?"

அவள் வரவேற்பறைப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"உங்க மாமா மடியில இருக்கற பாட்டிலெல்லாம் உடைக்காததுதானே?"

"ஆமாங்க. கடையில திருப்பிக் கொடுத்துடலாம்னு..."

"கொடுக்க வேணாம். சனிக்கிழமை எங்க வாசல் காலியாத்தான் இருக்கு."

அவனுக்கு மெல்லத்தான் விளங்கியது. விளங்கியதும் எழுந்து நின்றான், மறுபடி உட்கார்ந்தான். "ஆனா ஒரு வருஷம் யாரும் கதவைத் தட்டக்கூடாதே?"

"மத்தவங்க தட்டக்கூடாது. செத்தவரே வந்து தட்டினா என்ன செய்யறதுன்னு யாரும் சொல்லி வைக்கல."

அசியாமா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். மாமாவிடம் ஓட வேண்டும், பந்தல்காரனிடம் சொல்ல வேண்டும், சட்டை தைக்க வேண்டும். நாலு அடி போனவன் நின்றான். முதலாளி ஞாபகத்துக்கு வந்தார். திரும்பி வந்து கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"ஒரு நிமிஷங்க. அந்தக் கோளாறை மட்டும் கண்டுபிடிச்சுட்டு வந்துடறேன். எங்கயோ ஒளிஞ்சுக்கிட்டிருக்கு. திரையையே பிரிச்சுப் போட்டாவது தேடணும்."

போமா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"தேடாதே. உன் சேமிக்கற பட்டன் நல்லாத்தான் வேலை செய்யுது. நேத்து சாயங்காலம் அதுக்குப் பக்கத்துல இருந்த பச்சைப் பட்டனை அழுத்தினது நான்தான்."