என் கட்டைவிரல் தின்ற கரித்தட்டு

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு வணக்கம். அங்கே எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். இங்கே நலம் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறது.

இன்று காலை பதினொன்றே காலுக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து என் மகள் தொலைபேசியில் உறுதிசெய்த செய்தி: சோதனை உலையிலிருந்து எடுத்த, பூச்சில்லாத கரித்தட்டின் நடுவே ஒரு பள்ளம். அதன் வடிவம் கட்டைவிரல். விரல் என்னுடையது.

கடும் சூட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜன் கரியை அரித்துத் தின்றுவிடுமாம், அதைத் தடுக்க அவள் மூன்று மாதம் பாடுபட்டு ஒரு பூச்சு கண்டுபிடித்து, பூசிய தட்டு ஒன்று, பூசாதது ஒன்று என்று எடைபோட்டு டப்பாவில் வைத்து, உலை இருக்கும் கட்டடத்துக்குக் கார் ஓட்டிப் போகையில் டப்பாவை என் மடியில் வைத்தாள், நான் சும்மா இருந்திருக்கலாம், மூடியைத் திறந்து பார்த்தேன், மங்கலாகத் தெரிந்தது, வேர்த்த கட்டைவிரலாலேயே இரண்டையும் அழுத்தித் துடைத்துவிட்டேன்.

“டப்பாவத் தொறந்தீங்களாப்பா?”

“தூசியா இருந்துச்சும்மா.”

“ஆக்சிஜன் கரியோட ஓரத்துலதான் முதல்ல கை வைக்கும். நடுவுல அவ்வளவு லேசுல நுழையாது. உங்க வேர்வை உப்பு அதுக்கு நடுவுலயே கதவத் தொறந்து விட்டிருக்கு.”

பூச்சுத் தட்டு இன்னும் உலையில். அதிலும் பள்ளம் விழுந்தால் குற்றம் பூச்சினுடையதா, என் விரலினுடையதா என்று எவராலும் சொல்ல முடியாது. மூன்று மாதமும் ஆற்றில் கரைத்த புளி. நாளை காலை அவளுடைய தலைமை ஆய்வாளரிடம் நானே போய் ஒப்புக்கொள்வதென்று முடிவெடுத்துவிட்டேன். மகள் வேண்டாமென்கிறாள். உங்கள் தங்கையோ, “நாப்பது வருஷம் ஊரான் தப்பையெல்லாம் பேப்பர்ல போட்டீங்க. நம்ம வீட்டுச் செய்தியையும் நேர்ல போய்க் குடுத்துட்டு வாங்க” என்கிறாள். போகத்தான் போகிறேன். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

தங்கள் அன்பு மைத்துனன்

பி.கு.: திருத்தம். மேலே ஒப்புக்கொள்ளப் போவதாக எழுதியதை நீக்கி வாசிக்கவும். மறுநாள் காலை போனேன், விஷயத்தை மகள் முந்தியே சொல்லிவிட்டாளாம், நான் வாய் திறப்பதற்குள் தலைமை ஆய்வாளர் பூச்சுத் தட்டைக் காட்டினார். ஒரு புள்ளி அரிப்பில்லை. “உப்பு விரலையே தாங்கிடுச்சு சார். இப்படியொரு சோதனை எங்களுக்குத் தோணவே இல்லையே” என்றார். திங்கட்கிழமை பன்னிரண்டு தட்டுகள் வருகின்றன, என்னைக் கை கழுவாமல் வரச் சொல்லியிருக்கிறார். ‘வேண்டாம்’ என்றதற்குப் பிறகு மகள் என்னோடு இன்னும் பேசவில்லை. தட்டுகளின் முடிவு வெள்ளி மாலை தெரியும். அவள் எப்போது பேசுவாள் என்பது உறுதியாகவில்லை.