பொருத்தம்: சைபர்

தனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று தானாகவே சொல்லிக்கொள்கிறவனை நம்பாதீர்கள். எண்பதுகளின் கடைசியில் சிங்கப்பூரில் அப்படிச் சொல்லித் திரிந்தவர்களில் நானும் ஒருவன். (யாரும் கேட்டதில்லை. நானே சொல்வேன்.)

எனக்குப் பெண் பார்த்தார்கள். சிராங்கூனில் இருந்த வசந்தி. கோயிலில் ஒருமுறை பார்த்ததுமே, இவளில்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஜாதகம் பார்ப்பது மட்டும்தான் பாக்கி. காத்தோங் கோயில் ஐயர் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடுவார் என்றார் அம்மா. ஐயரா? கம்ப்யூட்டர் யுகத்திலா? நானே புரோகிராம் எழுதி, பெண்ணின் அப்பா கண்ணெதிரிலேயே பொருத்தம் பார்ப்பதாக அறிவித்தேன்.

ஞாயிறு காலை வசந்தியும் அவள் அப்பாவும் எங்கள் தெம்பனிஸ் வீட்டுக்கு வந்தார்கள். அவர் ஓய்வுபெற்ற தலைமை குமாஸ்தா. எதையும் கண்ணால் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிற ஆள். திரையில் 'பொருத்தம்: 0' என்று ஆங்கில எழுத்தில் வைத்திருந்தேன். புரோகிராம் பத்துப் பொருத்தங்களையும் வரிசையாகப் பார்க்கும். ஒவ்வொன்று பொருந்தும்போதும் அந்த எண் ஒன்று ஏறும். கோயில் மணி அடிக்கிற பாவனையில் விசையைத் தட்டினேன்.

எண் ஏறவில்லை. பஞ்சாங்கக் கணக்கைப் படிக்கிற டிஸ்க் மட்டும் கரகரவென்று முனகியது. ஐந்து நிமிடம் ஆனது. டீ தீர்ந்தது. பத்து நிமிடமும் ஆனது.

கணக்கு முழுவதும் முடிந்து மூச்சு விட்டால்தான் அந்தப் புரோகிராம் திரையைத் திரும்ப எழுதும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. முன்பே ஒவ்வொரு பொருத்தத்தையும் தனித்தனியாகச் சோதித்த மேதை, பத்தையும் சேர்த்து ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்கவில்லை.

உள்ளே எண் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான் என்று விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார்.

"தம்பி, உங்க மெஷினே சைபர்னு சொல்லுது. நாங்க கிளம்புறோம்லா."

வசந்தி திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டிலும் அசைவில்லை. லிஃப்ட் கதவு மூடிய பிறகு, வீட்டுக்குள் திரையைப் பார்த்த அம்மாவின் குரல் வந்தது.

"டேய், ஒன்பதுடா."

ஏழு மாடிப் படிகளையும் வெறுங்காலோடு இறங்கி ஓடினேன். டாக்சி போய்விட்டது. வேட்டியைப் பிடித்தபடி, "ஒன்பது, ஒன்பது" என்று ரோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. (பஸ் ஸ்டாப்பில் இருந்தவர்கள் ஒன்பதாம் எண் பஸ்ஸைத் தேடினார்கள்.)

மறுநாள் வசந்தியின் அப்பா ஐயரிடம் போனாராம். போகச் சொன்னது வசந்தி. ஐந்து நிமிடம். ஒன்பது பொருத்தம். மாமனார் கடைசிவரை ஐயரைத்தான் புகழ்ந்தார்.

இன்றும் வசந்தி ஏதாவது கேட்டு, நான் பதில் சொல்லாமல் சுவர்போல் உட்கார்ந்திருந்தால், என் மகள் அம்மாவைச் சமாதானப்படுத்துவாள்.

"விடுங்கம்மா, அப்பா மூஞ்சில சைபர்தான் காட்டும். உள்ள ஓடுதாம்லா."