கொதிப்பாண்டியின் முகம்

காலையிலேயே செல்லப்பாண்டி கூத்துக் கொட்டகைக்குள் நுழைந்து, கொடியில் தொங்கிய தோல்பாவைகளில் ஒன்றைக் காலைப் பிடித்து இழுத்தார்.

"இந்த மீசை யாரோடது?"

பாவைக்கூத்துக்காரர் பலவேசம் பல் விளக்கிக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடிவந்தார். செல்லப்பாண்டியின் கையில் சிக்கியிருந்தவன் கொதிப்பாண்டி. பெண்டாட்டி யாரோடு பேசினாலும் வயிறு எரிகிற புருசன்.

அச்சங்குளத்தில் கொட்டகை போட்ட நாளிலிருந்து ஊர் அவனுக்காகத்தான் திரண்டது. சாமி கதையெல்லாம் முடிந்து பிள்ளைகள் மடியில் தூங்கிப்போன பிறகு, பெரியவர்களுக்கென்றே வருவான். "பிச்சைக்காரனுக்கு எதுக்குடி ரெண்டாவது அகப்பை சோறு?" என்று திரையில் துள்ளுவான். வெளியே தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து சிரிப்பார்கள்.

செல்லப்பாண்டி அந்த ஆபீசில் தீக்குச்சி மருந்து கலக்குபவர். முறுக்கு மீசைக்காரர். பெண்கள் இப்போது அவரைக் கொதிப்பாண்டி அண்ணாச்சி என்றே கூப்பிடுகிறார்களாம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த அகப்பைச் சண்டை அவர் வீட்டு அடுப்படியில் நடந்தது. அது எப்படி வெளியே வந்தது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

வருசக்கணக்காக ஊர் ஊராகப் பேசிவரும் வசனம் அது என்று பலவேசம் சத்தியம் செய்தார். செல்லப்பாண்டி நம்பவில்லை. பொழுது சாய்வதற்குள் மீசை போக வேண்டும், இல்லாவிட்டால் கொட்டகை போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பலவேசம் கத்தியை எடுத்துத் தோலில் இருந்த மீசையைச் சுரண்டினார். கை கொஞ்சம் அழுந்தியதில் தலைமுடிச் சாயமும் சேர்ந்து போயிற்று.

அன்றைக்குக் கொதிப்பாண்டி திரையில் தலை நீட்டியதுமே கூட்டம் எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. பலவேசத்துக்கு உள்ளே இருந்து காரணம் புரியவில்லை. விடிந்ததும் புரிந்தது. சைக்கிள் கடை ரத்தினசாமி கையில் காற்றடிக்கும் பம்போடு வந்து நின்றார். இருக்கன்குடிக் கோயிலில் முடி இறக்கிவிட்டு வந்தவர். தலையிலும் மீசையிலும் ஒரு மயிர் இல்லை.

"கெணத்துக்குப் போறதுக்கு எதுக்குத் தலை சீவுறன்னு நேத்து உம்ம பாவை கேட்டுச்சே, அத நான் கேட்டது எனக்கும் எம் பொண்டாட்டிக்கும் மட்டுந்தான்யா தெரியும்" என்றார் அவர்.

பலவேசத்தின் மனைவி லட்சுமிகாந்தம் தன் சவுரியிலிருந்து கொஞ்சம் முடி கத்தரித்துக் கொடுத்தாள். அதைத் தலையில் ஒட்டி, மேலே ஒரு தலைப்பாகையும் வரைந்தார்கள். கன்னத்தைக் கொஞ்சம் உப்பலாக்கினார்கள். மறுநாள் ஆபீஸ் கணக்கப்பிள்ளை தன் உப்பிய கன்னத்தோடும் தலைப்பாகையோடும் வாசலில் நின்றார்.

வெறுத்துப்போன பலவேசம் கொதிப்பாண்டியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். அன்று கூத்து முடிந்தும் ஒருவரும் நகரவில்லை. பெண்கள் கைதட்டிக் கேட்டார்கள், பிறகு கத்திக் கேட்டார்கள், கடைசியில் கொட்டகைக் கம்பைப் பிடித்து ஆட்டினார்கள். கதை அதோடும் முடியவில்லை. காலையில் மூன்று பேரும் சேர்ந்தே வந்தார்கள். தாங்கள் மிரட்டியதால்தான் கொதிப்பாண்டி வரவில்லை என்று ஊர் சொல்கிறதாம், முன்னைவிட மானம் போகிறதாம். இன்றைக்கு அவன் வந்தே தீர வேண்டும் என்றார்கள். யார் முகத்தோடு என்று பலவேசம் கேட்டார். அதற்கு அவர்களுக்குள்ளேயே அடிதடி ஆகிவிட்டது.

விலக்கிவிட்டவர் ஊர்க்காவலன் என்பவர். கொட்டகை போட்டிருந்தது அவருடைய தரிசில்தான். தினமும் முன்வரிசையில் உட்கார்ந்து, தொடையைத் தட்டித் தட்டிச் சிரிப்பவர் அவர். தினம் ஒரு செம்பு மோரும் கொடுத்தனுப்புவார். இந்த ஊரில் பெண்டாட்டியைச் சந்தேகப்படாத மனுசன் ஒருத்தராவது இருக்கிறாரே என்று பலவேசம் லட்சுமிகாந்தத்திடம் சொல்லிச் சொல்லி ஆறுதல் பட்டிருந்தார்.

ஊர்க்காவலன் நிதானமாகத் தீர்ப்புச் சொன்னார். "மூஞ்சியிலதான வில்லங்கம். மூஞ்சிய மூடிருங்க."

அப்படியே பாவையின் முகத்தில் ஒரு துண்டைச் சுற்றிக் கட்டினார்கள். அன்று சாத்தூரிலிருந்துகூட வண்டி கட்டி ஆட்கள் வந்திருந்தார்கள். முகம் மூடிய கொதிப்பாண்டி, பெண்டாட்டி காக்காய்க்குச் சோறு வைத்ததைப் பார்த்து, அது ஆண் காக்காயா பெண் காக்காயா என்று விசாரித்தான். கூட்டம் அதிர்ந்தது. சிரிப்பு அடங்குமுன் இருட்டில் ஒருவர் எழுந்து, துண்டு கட்டினால் மட்டும் நான் என்று தெரியாதா என்று கத்தினார். அவர் பின்னால் இன்னொருவர் எழுந்தார். பிறகு எழாத ஆண்பிள்ளைகளை எண்ணுவது சுலபமாக இருந்தது. பெண்களோ தரையில் உருண்டு சிரித்தார்கள்.

விடிந்தபோது கொட்டகை வாசலில் வரிசை நின்றது. பலவேசம் எட்டிப் பார்த்துவிட்டு, பின்பக்கமாகப் பாவைப் பெட்டியை வண்டியில் ஏற்றினார். வெம்பக்கோட்டைப் பக்கம் போய்விடலாம் என்று லட்சுமிகாந்தம் மாட்டைப் பூட்டினாள்.

அப்போது வேலிப்பக்கமாக ஒரு பெண் வந்து வண்டியை மறித்தாள். ஊர்க்காவலனின் மனைவி சோலையம்மாள். கண் கலங்கியிருந்தது. பலவேசத்துக்குச் சங்கடமாகப் போயிற்று. அந்த நல்ல மனுசனுக்கும் கோபம் வந்துவிட்டதா என்று பயந்துபோய்க் கேட்டார்.

சோலையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "வந்தாத்தான் தேவலையே அண்ணே. ஊர்ல அம்புட்டு ஆம்பளையும் அது நாந்தான்னு சண்டைக்கு வந்துட்டாக, எங்க வீட்டு ஆளு மட்டும் சிரிச்சுக்கிட்டே இருக்காக. இன்னைக்கு ஒரு நா இருந்து, அவுக மூஞ்சியவே அச்சா வரைஞ்சு காட்டிட்டுப் போங்க, அப்பவாச்சும் எம் மேல கொஞ்சம் சந்தேகம் வருதான்னு பாப்போம்."