டப்பாவில் இருந்த சொர்க்கம்

"இது சொர்க்கமாய்யா? ஹோட்டல் விளம்பரம் மாதிரி இருக்கு!"

தியான மண்டபத் தலைவர் இப்படிச் சொல்லிவிட்டுப் போனதும், பெயின்டர் வரைந்ததையெல்லாம் மறைத்துச் சுவர் முழுக்க வெள்ளை அடித்தார். பாவம், அவரும்தான் என்ன செய்வார்? காலமெல்லாம் கடைப் பலகை எழுதியவருக்குத் தெரிந்த சொர்க்கம் அவ்வளவுதான். தலைவர் அடுத்த முறை வரும்போது படம் இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். கீழே தன் பெயரைப் போட்டுக்கொள்கிற மாதிரி அவருக்குக் கிடைத்த முதல் சுவர் அது.

"பாக்காததை எப்படி மாமா வரைவீங்க?" என்றபடி ஒரு டப்பாவை நீட்டினான் லாரி ஓட்டும் மச்சான். "மலைக்காளான், காயவெச்சது. அந்தக் காலத்துப் பூசாரிங்க இதைத் தின்னுட்டுத்தான் சாமியைப் பாத்தாங்களாம். குகையில படம் போட்டவங்களும் இதைத்தான் தின்னாங்களாம்."

"சாமி வயித்து வழியாவா வரும்?"

"பாதிப் பேருக்கு பக்தியே வயித்து வழியாத்தானே மாமா வருது!"

பெயின்டருக்கு ஆசை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். தினமும் டப்பாவைத் திறப்பார், மோந்து பார்ப்பார், மூடிச் சமையலறை அலமாரியில் வைத்துவிடுவார். தின்றால் என்னதான் தெரியும் என்ற குறுகுறுப்பு மட்டும் போகவில்லை.

தலைவர் வருகிற நாளும் வந்துவிட்டது. ஆனது ஆகட்டும் என்று மண்டபத்தின் பின்கட்டில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்தார். காலி. மனைவிக்குப் போன் போட்டார்.

"டப்பாவுல இருந்த காளான் எங்கடி?"

"காஞ்சு கெடந்துச்சு, வீணாப் போகுதேன்னு சூப்பு வெச்சுட்டேன். காலையில ஃப்ளாஸ்க்ல குடுத்தேனே, அதுதான். தலைவருக்குக் குடுங்க, மனசு இளகட்டும்."

அந்த ஃப்ளாஸ்கைத் தலைவருக்கென்று வாசல் மேஜையில் வைத்ததே பெயின்டர்தான். விழுந்தடித்து ஓடினார். ஃப்ளாஸ்க் காலி.

உள்ளே, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வெறும் வெள்ளைச் சுவரின் முன்னால் தலைவர் அழுதுகொண்டிருந்தார்.

"ஐயா, உக்காருங்க. தண்ணி குடிங்க."

"தண்ணி என்னமா மின்னுதுய்யா!"

பெயின்டர் பதறிப்போய் ஜன்னல்களைச் சாத்தினார்.

"அடடா, இருட்டுக்குள்ள கூட நீலம் இருக்கே!"

இனி உண்மையைச் சொல்வதைத் தவிர வழியில்லை.

"ஐயா, மன்னிச்சிருங்க. சுவத்துல நான் ஒண்ணுமே வரையல."

"நான் வரையலன்னு சொல்றே பாரு, அதான்யா ஞானம்!" தலைவர் அவரைக் கட்டிக்கொண்டார். "இனி இதுல பிரஷ் வெச்சே, கையை ஒடிச்சிருவேன். உன் பேரை மட்டும் கீழ எழுது."

இத்தனை நாள் ஏங்கிய வார்த்தை அது. கேட்டபோது சந்தோஷம் வரவில்லை. பெரிய மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வெளியே ஓடினார். மதில்சுவரில் காதை வைத்துச் சாய்ந்து நின்றிருந்த தலைவரின் கார் டிரைவரைப் பிடித்து உலுக்கினார்.

"தம்பி, உடனே ஐயாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்! அவரு சூப்பு குடிச்சிட்டாரு!"

டிரைவர் காதை எடுக்காமலே நிதானமாகச் சொன்னான்:

"ஐயா காளானைத் தொடவே மாட்டாருண்ணே. காலையிலதான் கண்புரை ஆபரேஷன் கட்டைப் பிரிச்சாங்க, வர்ற வழியில குப்பைத்தொட்டியைப் பாத்துக்கூட என்ன அழகுன்னு அழுதாரு. சூப்பு நான்தான் குடிச்சேன்... ஆமா, இந்தச் சுவர் ஏண்ணே மூச்சு விடுது?"