விளக்கில்லாத பெட்டி

பெட்டி மறுபடியும் படுத்துக்கொண்டது.

மின்சாரம் கொடுத்தால் உள்ளே ஒரு மூச்சு இழுக்கும். அப்புறம் ஒன்றுமில்லை. சாப்பாட்டு மேஜைமேல் அதை வைத்துக்கொண்டு நிதானம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் அவருக்கு நிதானம் என்றுதான் பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

எதிரே அவருடைய மாமனார் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். மகளோடு சில நாள் இருக்கலாம் என்று வந்தவர். மகள் இறந்துபோய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அவரை யாரும் போகச் சொல்லவில்லை, அவரும் போகட்டுமா என்று கேட்கவில்லை. மூத்த மகள்தான் வாராவாரம் போன் செய்து, "இன்னும் என்ன உறவு இருக்குன்னு அங்க உக்காந்திருக்கீங்கப்பா?" என்பாள்.

"என்ன மாப்ளே, செத்துப் போச்சா?" என்றார் மாமனார்.

"சாகலை மாமா. கோவிச்சுக்கிட்டிருக்கு."

மருத்துவமனைக்குப் போக வேண்டிய பெட்டி அது. கட்டிலோரக் கருவிகள் காட்டும் எண்களை வயர் வழியாக நர்ஸ் மேஜைக்குக் கொண்டு சேர்க்கும். உள்ளே இருந்து அதை நடத்தும் புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். பெட்டி விழித்ததும் டிரைவர் ஒரு பட்டியலைப் படித்துப் பார்க்கும்: வேகம் எவ்வளவு, வயர் எந்தப் பக்கம், ஒவ்வோர் எண் போகும்போதும் மினுக்குகிற பச்சை விளக்கு எந்தக் கம்பியில். புதிதாக வந்த பெட்டிகளின் பட்டியலில் விளக்கைப் பற்றிய வரியே இல்லை. பெட்டியில் விளக்கும் இல்லை.

"விளக்கு இல்லேன்னா போகுது. வேலையைப் பாக்க வேண்டியதுதானே?"

"அதைத்தான் செய்ய மாட்டேங்குது. வாசல் லைட் எரியலேன்னு அடுப்பையே பத்தவைக்காம உக்காந்திருக்கற மாதிரி."

"எழுதினது யாரு?"

"நான்தான்."

"அப்ப உங்களை மாதிரிதானே இருக்கும்" என்று மாமனார் ஒரு சட்டையை உதறினார்.

அவள் போன முதல் வருஷம், அடுப்புப் பற்றாமல் இந்த வீடு இருந்த இருப்பு இருவருக்கும் ஞாபகம் வந்தது. இருவரும் பெட்டியைப் பார்த்தார்கள்.

நாளை மறுநாள் மருத்துவமனையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் வாங்கவில்லை என்றால் கம்பெனியை மூடிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். மூடினால் நிதானத்துக்கு வேறு ஊரில் ஒரு வேலை தயாராக இருந்தது, தங்க ஓர் அறையும் கொடுப்பார்கள். அந்த அறையில் ஒரு கட்டில்தான் கொள்ளும். மாமனார் மூத்த மகள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மாமனார் மடித்த துணிகளை அலமாரியில் வைக்காமல் ஒரு பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அலுவலகத்தில் முதலாளி குதித்தார். "ஃபேக்டரிக்காரன் விளக்கை முழுங்கிட்டான் சார்! பெட்டிக்குள்ள இருக்கற போர்டை வரைஞ்ச ஆளைக் கேக்கலாம்னா, அவன் கல்யாண லீவுல போனை அணைச்சு வச்சிருக்கான்!"

"கல்யாணத்துல வேற என்ன சார் பண்ணுவாங்க?" என்றார் நிதானம்.

டிரைவரில் ஓர் இடத்தை மாற்றினார். விளக்கு எங்கே என்று கேள், என்ன பதில் வந்தாலும் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போ. அவ்வளவுதான். பெட்டி எழுந்து உட்கார்ந்தது. எண்கள் ஓடின. முதலாளிக்கு உச்சி குளிர்ந்தது. குளிர்ந்த சூட்டோடு, கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் போன் இணைப்புக்காக ஏற்கெனவே விற்ற பழைய பெட்டிகளுக்கும் அதே புரோகிராமை அனுப்பிவிட்டார்.

மத்தியானம் எல்லா போன்களும் ஒன்றாக அடித்தன.

பழைய பெட்டிகளில் விளக்கு உண்டு. ஆனால் அந்த விளக்கைக் கவனிக்கிற சிப் கொஞ்சம் சோம்பேறி. கூப்பிட்டால், "இரு, எழுந்து வரேன்" என்னும். புது டிரைவர் அந்தப் பதிலையும் 'இல்லை' என்றே எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிட்டது. ஊரெல்லாம் பெட்டிகள் இருட்டில் உழைத்துக்கொண்டிருந்தன.

"உங்க பெட்டி செத்துப் போச்சுங்க" என்று ஒருவர் போனில் கத்தினார்.

"சாகலைங்க. நீங்க பேசற இந்த போனே அது வழியாத்தான் வருது."

"கதை விடாதீங்க. லைட்டே எரியலை!"

முதலாளி நாற்காலியில் சரிந்தார். "இதுக்கு அது படுத்துக்கிட்டே இருந்திருக்கலாம் சார்."

சாயங்காலம் பெட்டி மறுபடியும் சாப்பாட்டு மேஜைக்கு வந்தது, கூடவே பழைய பெட்டி ஒன்றும். கதையைக் கேட்ட மாமனார், வேலை பார்த்த காலத்தில் கணக்கராக இருந்தவர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இது ஒரு விஷயமா? காலியா இருக்கற கட்டத்துல பூஜ்யம் போடணும் மாப்ளே. என் சர்வீஸ் பூரா அப்படித்தான் போட்டேன். ஆடிட்டர் வாயே திறந்ததில்லை."

நிதானம் களைத்திருந்தார். விளக்குக் கம்பியின் எண் கிடைக்காவிட்டால் பூஜ்யம் என்று வைத்துக்கொள், என்று எழுதினார். பூஜ்யம் என்கிற எண்ணிலும் ஒரு கம்பி இருக்கிறது என்பது அந்தக் களைப்பில் மறந்துபோயிற்று. அந்தக் கம்பியின் நுனியில் அபாயச் சத்தம் போடுகிற பீப்பர் இருந்தது.

பெட்டி எழுந்தது. முதல் எண் போனது. "கீச்."

அடுத்து ஆயிரக்கணக்கில் எண்கள் போயின.

மாமனார் பெட்டியின்மேல் துண்டைப் போட்டார். துண்டு கீச்சிட்டது. தலையணைக்கு அடியில் திணித்தார். தலையணை கீச்சிட்டது. மேல்வீட்டு அம்மாள் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க அங்க? கிளி வளக்கறீங்களா?" என்றாள்.

"கிளி இல்லம்மா, மாப்பிள்ளை!" என்று மாமனார் கத்தினார்.

நிதானம் வயரைப் பிடுங்கினார். வீடு சட்டென்று அமைதியானது.

"உங்க ஆடிட்டர் வாயைத் திறந்துட்டாரு மாமா" என்றார்.

மாமனாருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அந்த வீட்டின் சுவர்கள் அப்படியொரு சத்தத்தைக் கேட்டு நாளாகியிருந்தது.

சிரித்து ஓய்ந்தபோது மாமனாரின் போன் அடித்தது. மூத்த மகள். அவர் அதைப் பார்த்தார், எடுக்கவில்லை.

"எடுக்கலையா மாமா?"

"எடுத்தா என்னிக்கு வரேன்னு கேப்பா."

"உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்துடப் போறாங்க."

"பயப்பட மாட்டா. எடுக்கலேன்னா அப்பா இல்லேன்னு அர்த்தமா? கொஞ்சம் பொறுத்துக் கூப்பிடுவா."

நிதானம் அவரையே சற்று நேரம் பார்த்துவிட்டு விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். விளக்கு இல்லை என்று பதில் வந்தால், வருத்தப்படாமல் மேலே போ. பொறு என்று வந்தால் பொறுத்துக் கேள். இரண்டும் இல்லாமல் உளறினால் மட்டும் நின்று புகார் சொல். புதுப் பெட்டி சத்தமில்லாமல் ஓடியது. பழைய பெட்டி கொஞ்சம் தயங்கி, பச்சையாகக் கண் சிமிட்டியது.

"பொழைச்சுதா?" என்றார் மாமனார்.

"பொழைச்சுது மாமா. அந்தப் பையை உள்ள வைங்க, கால் இடறுது."

"நாளைக்கு வரட்டும், பாக்கலாம்" என்றார் மாமனார்.

காலையில் பழைய பெட்டிகளின் விளக்குகள் திரும்பி எரிந்தன. முதலாளிக்கு அது போதவில்லை.

"எல்லாரும் லைட்டைத்தான் சார் பாக்கறாங்க. நேத்து போன்லேயே கேட்டீங்களே! லைட் இல்லாத பெட்டியைக் காட்டினா, மட்டமான சரக்குன்னு எழுந்து போயிடுவாங்க." சட்டைப்பையிலிருந்து ஒரு பச்சை விளக்கை எடுத்தார். அவர் மகனின் பொம்மைக் காரில் இருந்தது. சின்ன பேட்டரியோடு அதைப் பெட்டியின் நெற்றியில் ஒட்டினார். அது ஓயாமல் மினுக்கியது.

"சார், வயர் இல்லேன்னாலும் இது மினுக்கும். பொய் சார்."

"இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் சார். கம்பெனி இருந்தா நாளைக்கு உண்மை பேசிக்கலாம்."

மருத்துவமனையிலிருந்து இருவர் வந்தார்கள். ஒருவர் சாமான் வாங்கும் அதிகாரி. கூட வந்தது தலைமை நர்ஸ். அந்த அம்மாள் வாயைத் திறக்கவில்லை, பெட்டியைப் பார்த்ததும் முகம் மட்டும் சுருங்கியது.

முதலாளி அந்தச் சுருக்கத்தைப் பார்த்துவிட்டார். "வெளிச்சம் போதலையாம்மா? ஜன்னலைச் சாத்தறேன் பாருங்க, அறை பூரா பச்சையாயிடும்!"

ஜன்னலைச் சாத்தினார். அறை பச்சையானது. நர்ஸின் முகம் இன்னும் சுருங்கியது.

"வேணும்னா சத்தமும் போட வைக்கலாம்" என்றார் முதலாளி, வியர்த்துக்கொண்டே. "கீச்சுன்னு ஒரு சத்தம், எங்க சார் நல்லாப் பண்ணுவாரு!"

அதிகாரி பெட்டியின் வயரைப் பிடுங்கிப் பார்த்தார். திரையில் எண்கள் நின்றன. விளக்கு மட்டும் குஷியாக மினுக்கிக்கொண்டே இருந்தது.

"வயரே இல்லை. இது எதுக்கு மினுக்குது?"

முதலாளி கூரையைப் பார்த்தார். நிதானத்துக்கு வீட்டுக் கூடத்தில் நின்ற பை கண்ணில் வந்தது. இருந்தாலும், கட்டிலில் கிடப்பவர்களின் உயிர் இந்தப் பெட்டி வழியாகத்தான் எண்ணாகப் போக வேண்டும்.

"அது பொம்மை விளக்குங்க" என்றார். "இந்தப் பெட்டியில விளக்கே இல்லை. பட்டியல்லயும் இல்லை. ஆனா வேலையில ஒரு குறையும் இல்லை, எவ்வளவு நேரம் வேணும்னாலும் ஓட்டிப் பாருங்க. விளக்கு கட்டாயம் வேணும்னா, எங்ககிட்ட இல்லை."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி பையைத் தோளில் மாட்டி எழுந்தார்.

தலைமை நர்ஸ் பெட்டியின் நெற்றியிலிருந்த விளக்கை நகத்தால் பிய்த்து முதலாளியின் கையில் வைத்துவிட்டு, அப்போதுதான் முதல் முறையாக வாயைத் திறந்தாள்: "இதைக் கொண்டுபோய் உங்க பிள்ளைகிட்டக் குடுங்க சார், எங்க வார்டுல மாசம் நிறையாம பொறந்த பிஞ்சுங்க இந்த மாதிரி விளக்குல ராவெல்லாம் கண்ணு கூசி அழுதுங்க, விளக்கே இல்லாத பெட்டி பண்ணிக் குடுப்பான்னு உங்க போர்டு வரையற தம்பிகிட்ட அத்தனை கெஞ்சு கெஞ்சினதே நான்தான், வார்டுக்கு மொத்தமும் எடுத்துக்கறோம்."