பம்பர்ச் சில்லு

"எலி கடிச்சிருக்கும்," என்றான் கணவன்.

"கார் பம்பரையா?" என்று கேட்டாள் மனைவி, சில்லு பெயர்ந்திருந்த இடத்தைக் காட்டி.

"பசி வந்தா எதைத்தான் விட்டுவைக்கும்?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தடயவியல் கூடத்தில் பிளாஸ்டிக் பிரிவு அவள் பொறுப்பு. முந்தின நாள்தான் போலீஸ் உறை ஒன்று வந்திருந்தது. மோதிவிட்டு நிற்காமல் ஓடிய கார் வழக்கு. யாருக்கு என்ன ஆனது என்று உறையில் இல்லை. உள்ளே நகம் அளவுக்கு ஒரு பச்சைச் சில்லு. இவர்கள் காரும் பச்சை.

கணவன்மேல் தப்பில்லை என்று மனசைத் தேற்றிக்கொள்ளத்தான் பம்பரிலிருந்து ஒரு துணுக்கைச் சுரண்டி எடுத்துப்போனாள். அகச்சிவப்புக் கருவியில் இரண்டின் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே படுத்துக்கொண்டன.

'ஒரே ரகப் பிளாஸ்டிக் எத்தனையோ வண்டியில இருக்கும்' என்று சூடாக்கிப் பார்த்தாள். வெளிவந்த வாயுவும் ஒன்றே. கடைசி நம்பிக்கையாகப் பெயின்ட் அடுக்குகளை நுண்ணோக்கியில் வைத்தாள். கம்பெனிப் பச்சை, அதன்மேல் கீரைப் பச்சை. பெயின்டருக்குக் கூலி எதற்கு என்று கணவன் தன் கையாலேயே பூசிய கீரைப் பச்சை. உலகத்தில் வேறு யாரும் தன் காருக்கு அப்படிச் செய்யமாட்டார்கள்.

சாயங்காலம் கேட்டாள். "உண்மையைச் சொல்லுங்க. எங்க இடிச்சீங்க?"

"நான் இடிக்கல. மாடு முட்டிச்சு."

"காலையில எலி, இப்ப மாடா?"

அவன் போய்ப் பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தான். யாரும் கேட்காமலே கழுவினான்.

மறுநாள் அறிக்கை வாங்க வந்த போலீஸ்காரரை உட்காரவைத்தாள்.

"இந்த கேஸ்ல இருந்து நான் விலகிக்கறேன் சார். அந்தச் சில்லு எங்க காரோடது. ஓட்டுறது என் வீட்டுக்காரர். சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்யுங்க."

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"பச்சைக் கார்க்காரர் உங்க வீட்டுக்காரரா மேடம்? ரோட்டோரம் சும்மா நின்ன தன் வண்டியை ஒருத்தன் இடிச்சிட்டு ஓடிட்டான்னு புகார் குடுத்ததே அவருதான், உங்க கார்ல உடைஞ்ச சில்லு ஓடினவன் வண்டியில சிக்கியிருந்தது, அதைத்தான் எடுத்து அனுப்பினோம். 'அங்க நிறுத்தாதீங்கன்னு பொண்டாட்டி படிச்சுப் படிச்சுச் சொன்னா, அவளுக்கு மட்டும் தெரியாம விசாரிங்க'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு."